அண்ணையின் நிற்கிற படம்

1

சீனாவுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து மொன்றியலில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எனக்கு மதிப்புக் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் கேள்விக்கு மேல் கேள்வி. பாம்பு தின்றாயா? பெருஞ்சுவரில் ஏறினாயா? எல்லாவற்றுக்கும் ஓம் என்றே சொல்லி வைத்தேன். பாம்பும் தின்னவில்லை, பெருஞ்சுவர் இருக்கிற திசைக்கே போகவுமில்லை. கேட்கிறவர்களின் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான்.

மன்னாரிலிருந்து மச்சான் ஒருவன் தொலைபேசியில், "நீ பாத்ததை அப்பிடியே எழுதி அனுப்படா. இஞ்ச நாங்கள் அடுத்த ஊருக்குப் போறதுக்கே ஆமியிட்டப் பாஸ் எடுக்கவேண்டிக் கிடக்கு. வாசிச்செண்டாலும் பாப்பம்" என்றான்.

அப்படியே எழுதுவதில்தான் சிக்கல். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பீட்சா பெட்டியோடு வில்லரே பக்கம் வீடு வீடாகக் கார் ஓடுகிறவன். எழுத்துப்பிழை வரும், அது பரவாயில்லை. நான் போனது ஷியான் என்கிற பழைய தலைநகரத்துக்கு. எத்தனையோ அரசர்கள் இருந்து ஆண்ட இடம். ஆனால் நான் அரசர்களைப் பார்க்கப் போகவில்லை. என் அண்ணைக்குப் பெண் பார்க்கப் போனேன்.

2

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாடி. வெளியே இரும்புப் படி, இந்த ஊர் வழக்கப்படி வளைந்து வளைந்து ஏறும். பனி விழுந்தால் அந்தப் படி கண்ணாடி. அங்கே அக்கா, அத்தான், அவர்களின் மகள் எமிலி, நான், அண்ணை. அத்தான் பெரிய லொறி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் அமெரிக்காவில் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் இருப்பார். அம்மா இல்லாத எங்களுக்கு அக்காதான் அம்மா, அப்பா, பொலிஸ், எல்லாம்.

நான் சின்ன வயதிலேயே அக்காவோடு வந்துவிட்டதால் எனக்குக் கனடாப் பாஸ்போட். அண்ணை ஊரில் நின்று, எல்லாம் பட்டு, பிறகு வந்து அகதியாகப் பதிந்தவர். வரும்போது இடது காலுக்குள் ஷெல் துண்டுகளோடு வந்தார். அவற்றில் சிலதை இங்கே எடுத்தார்கள். சிலதை எடுக்க முடியாது என்றார்கள். நடக்கும்போது அந்தக் கால் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். உட்கார்ந்திருந்து செய்கிற வேலை பார்த்து ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டோம்.

அண்ணைக்கு முப்பத்தொன்று. நீர்கொழும்பில் போய் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றிடமிருந்து கோயில் ஆட்கள் வழியாகச் சம்பந்தம் வந்தது. பெண் ஜெனிற்றா, ஷியானில் டொக்டருக்குப் படிக்கிறா, கடைசி வருசம். ஊரில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பலர் இப்போது சீனாவுக்குப் படிக்கப் போகிறார்கள்.

படங்கள் கைமாறின. பெண்ணின் படங்கள் ஒவ்வொன்றையும் அக்கா கண்ணாடி போட்டு, கண்ணாடி கழற்றி, யன்னல் வெளிச்சத்தில், குசினி வெளிச்சத்தில் பார்த்தா. அண்ணையின் படங்களை அக்காவே தெரிந்தெடுத்தா. சோபாவில் உட்கார்ந்து இருக்கிற அண்ணை. காருக்குள் இருக்கிற அண்ணை. எமிலியின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் இருக்கிற அண்ணை. பூங்கா மரவாங்கில் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிற அண்ணை.

"அண்ணை இருக்கிறதிலயே பட்டம் எடுத்தவர் மாதிரிக் கிடக்கு" என்று நான் பகிடி விட்டேன்.

"வாயை மூடு" என்றா அக்கா. "முதல்ல சம்பந்தம் சரிவரட்டும். பேந்து பக்குவமாச் சொல்லலாம்."

அண்ணை தன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படித்தான். தையல் மெசின் மாதிரி, தலை குனிந்தபடி.

3

அண்ணையின் அகதிப் பயணப் பத்திரத்தோடு சீனாவுக்கு விசா எடுப்பதென்றால் பெண் படிப்பு முடித்துப் பென்சனும் எடுத்துவிடுவா. அதனால் என்னைப் பிடித்தார்கள். கூட்டாளி ஒருவனிடம் வீடியோக் கமெரா இரவல் வாங்கினேன். ஒட்டாவாவுக்கு பஸ்ஸில் போய் விசாவுக்குக் கொடுத்தேன். வருகைக்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தது. சுற்றுலா, வியாபாரம், படிப்பு, உறவினர் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். பெண் பார்க்க என்று ஒரு கட்டம் இல்லை. சீனர்களுக்கு எங்களைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியாது. சுற்றுலா என்று கீறிவிட்டு வந்தேன்.

விமானம் ஏறும் மட்டும் அக்கா பாடம் எடுத்தா. பள்ளிக்கூட வாத்திமார் இப்படி எடுத்திருந்தால் நான் இன்றைக்கு நீதிபதி.

"டேய் றெஜி, சும்மா முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வராத. நடக்கிறதை எடு. படி ஏறேக்க எடு, மூச்சு வாங்குதோ எண்டு பார். பக்கத்தில அளவு தெரியிற மாதிரி ஏதும் நிக்கிற இடமாப் பார்த்து நிப்பாட்டி எடு. படத்தில உயரம் பிடிபடுதில்லை. காலை எடு, குதி வச்ச செருப்போ தெரியாது."

"நிறம்?"

"கையை எடு. முகத்துக்கு மாப் பூசலாம், கைக்குப் பூச ஏலாது."

"பல்லு?"

"சிரிக்க வை. அதுதானே உனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை."

"அவவுக்குத் தெரியாமலோ எடுக்கிறது?"

"கோபுரம் எடுக்கிற மாதிரி எடு."

எமிலிக்கு ஒன்பது வயது. அவளும் ஒரு வேலை தந்தாள். வகுப்பில் சீனாவைப் பற்றிப் பேசவேண்டுமாம், மண் சிப்பாய்களை வீடியோ எடுத்து வரவேண்டுமாம். அவள் கேட்டது பிரெஞ்சில், நான் ஓம் என்றது தமிழில். எங்கள் வீட்டில் ஒப்பந்தங்கள் இப்படித்தான் நடக்கும். அண்ணை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வழியனுப்பக் கீழே இறங்கி வந்தவர், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். "அந்தப் பிள்ளையைக் கரைச்சல் படுத்தாத" என்றார். அவ்வளவுதான்.

4

மூன்று விமானம் மாறி ஷியானில் இறங்கியபோது ஐப்பசி வெயில். ஜெனிற்றா தனியாக வரவில்லை. வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கூட வந்தாள். வகுப்புத் தோழி, பெயர் கயல். துணைக்கு வந்தவள் என்றார்கள். எனக்குக் காவலுக்கு வந்தவள் மாதிரித்தான் பட்டது.

"இவர்தான் மாப்பிள்ளையா?" என்று கயல் கேட்டாள்.

"இல்லை, மாப்பிள்ளையின்ர தம்பி. மாதிரிக்கு அனுப்பியிருக்கினம்" என்றேன். "பிடிச்சிருந்தாத்தான் முழுச் சரக்கு வரும்."

ஜெனிற்றா சிரித்தா. கமெரா கையில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லு முடிந்தது என்று மனதுக்குள் ஒரு சரி போட்டேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது எனக்கு அது கெட்டித்தனமாகத்தான் தெரிந்தது.

"அண்ணி எண்டு இப்பவே கூப்பிடவோ, பேந்து கூப்பிடவோ?"

"பேர் சொல்லியே கூப்பிடுங்கோ றெஜி. பேந்து மாத்துறது கஷ்டம்."

முதல் நாள் பெரிய காட்டுவாத்துக் கோபுரம். சாம்பல் செங்கல்லால் ஏழு தட்டு, லேசாக ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. எத்தனையோ காலத்துக்கு முன்னர் இந்தியாவுக்கு நடந்தே போய்ப் புத்தகங்கள் கொண்டுவந்த துறவி ஒருவருக்காகக் கட்டியதாம். உள்ளே மரப்படி. ஜெனிற்றாவை முன்னால் ஏறவிட்டு நான் பின்னால் கமெராவோடு ஏறினேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

மேல்தட்டு யன்னலில் நின்று ஜெனிற்றா சொன்னா: "அந்தச் சாமியார் காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவராம். அங்கயிருந்து எங்கட நாட்டுக்கு வரத்தான் வெளிக்கிட்டவர். அங்க இப்ப பிரச்சினை, போகாதேங்கோ எண்டு மறிச்சுப்போட்டினமாம்."

"அப்பவேயா?"

"அப்பவேதான்."

"ஆர் அப்பிடிச் சொன்னவை? அங்கயிருந்து தப்பி வந்த ஆக்களோ?"

"ஓம். இலங்கையில இருந்து வந்து நிண்ட பிக்குமார்."

"பாத்தீங்களே, நாங்கள்தான் முதல் அகதியள் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறம்."

மூவரும் சிரித்தோம். சிரிப்புக்கு நடுவில் கயல் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஒண்ணு கேக்கலாமா? ஊர் முழுக்க அந்தப் பக்கம் இருக்கு. உங்க கேமரா மட்டும் ஏன் இவ காலையே பாத்துட்டு இருக்கு?"

"தரை. பழைய காலத்துத் தரை. அதைத்தான் எடுக்கிறன்."

"போன வருஷம் போட்ட தரைங்க அது."

நான் யன்னலுக்கு வெளியே எடுக்கத் தொடங்கினேன். ஜெனிற்றா குனிந்து தன் செருப்பை ஒருக்காப் பார்த்தா.

மத்தியானம் முஸ்லிம் தெருவில் சாப்பிட்டோம். அங்கே ஒரு வழக்கம். வெறும் கிண்ணமும் தடித்த ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார்கள். ரொட்டியை நாங்களே விரலால் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போடவேண்டும். பிறகு எடுத்துப்போய் ஆட்டிறைச்சிச் சூப்பு ஊற்றித் தருவார்கள். புட்டுக்கு உதிர்த்த மாதிரி ஜெனிற்றாவின் விரல்கள் ஓடின. கையை எடு என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. கிண்ணத்தை எடுப்பது மாதிரிக் கிட்டப் போனேன். சூப்புக் கொண்டுவந்த பெடியனுக்கு நான் சொன்ன நன்றி "மெர்சி". பிறமொழி என்றால் என் நாக்குக்குத் தெரிந்தது பிரெஞ்சு ஒன்றுதான். அவனும் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

5

இரண்டாம் நாள் மண் சிப்பாய்கள். நகரத்துக்கு வெளியே பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். வாசல் நெடுக மாதுளம்பழமும் கொடிமுந்திரியும் விற்கிறார்கள். உள்ளே பெரிய கொட்டகை, கீழே குழி, குழிக்குள் வரிசை வரிசையாக ஒரு படையே நிற்கிறது. ஒரு முகம் மாதிரி இன்னொரு முகம் இல்லை. எனக்கு ஒவ்வொருவரையும் அடையாளம் தெரிந்தது. இவர் எங்கள் கோயில் பங்குச் சபைத் தலைவர், அவர் சீட்டுப் பிடிக்கிற சின்னராசா அண்ணை, அந்தத் தொந்திக்காரர் எங்கள் பீட்சாக்கடை முதலாளி என்று சொல்லிக்கொண்டே போனேன். ஜெனிற்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பின் வரிசைகளில் தலை இல்லாதவர்கள், கை இல்லாதவர்கள், இன்னும் ஒட்டாத துண்டுகள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக ஒருவரை வைத்திருந்தார்கள். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிற வில்வீரர்.

"இவையள்தான் கூட உடையாமல் தப்பினவையாம்" என்றா ஜெனிற்றா. "கூரை இடிஞ்சு விழேக்க நிண்டவையளுக்குத்தான் அடி. இருந்தவை தப்பிட்டினம்."

எனக்கு அந்த இடத்தில் பகிடி ஒன்றும் வரவில்லை. ஷெல் வந்த அன்று எல்லாரும் குப்புறப் படுத்தார்கள், அண்ணைதான் நின்றுகொண்டிருந்தார் என்று ஊர் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கமெராவை வேறு பக்கம் திருப்பினேன்.

வெளியே படம் எடுப்பதற்கென்று ஆளுயரத்தில் புதுச் சிப்பாய்ப் பொம்மைகள் நிறுத்தியிருந்தார்கள். அளவு தெரியிற மாதிரி என்று அக்கா கேட்டது இதைத்தான்.

"ஜெனிற்றா, அதுக்குப் பக்கத்தில ஒருக்கா நில்லுங்கோ. ஞாபகத்துக்கு."

அவ நடந்து போய்ச் சிப்பாய்க்குப் பக்கத்தில் நின்றா. முதுகை நேராக்கினா. தலைக்கு மேலே கையைத் தட்டையாக வைத்து, அது சிப்பாயின் காதுக்கு வருகிறதா மூக்குக்கு வருகிறதா என்று காட்டினா. பிறகு ஒரு காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றி, அடியைக் கமெராவுக்கு நேரே பிடித்தா. தட்டைச் செருப்பு.

"குதி இல்லை. வடிவா எடுத்திட்டீங்களோ?"

நான் கமெராவைக் கீழே இறக்கினேன்.

"ஏன் நிப்பாட்டுறீங்கள்? எடுங்கோ. என்ர ஒண்டுவிட்ட அக்காவை சிங்கப்பூரில வச்சு இப்பிடித்தான் எடுத்தவை. மிருகக்காட்சிச்சாலையில. மிருகம் ஒண்டும் படத்தில விழேல்லை." அவ சிரித்துக்கொண்டுதான் சொன்னா. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "கையைச் சாப்பாட்டுக் கடையில எடுத்திட்டீங்கள். படி நேற்று ஏறினன். இன்னும் என்ன கிடக்கு?"

"ஐயோ ஜெனிற்றா, அது அக்கா..."

"தெரியும். எல்லா வீட்டிலயும் ஒரு அக்கா இருக்கிறா."

கயல் மாதுளம்பழம் வாங்கப் போயிருந்தாள். நல்ல காலம். வேலூர்த் தமிழிலும் ஏச்சு வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

6

மூன்றாம் நாள் நகர மதில். ஷியானின் பழைய நகரத்தைச் சுற்றி நாலு பக்கமும் மதில் நிற்கிறது, மேலே இரண்டு லொறி பக்கத்தில் பக்கத்தில் போகலாம், அவ்வளவு அகலம். சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கயலுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, வாசலில் இருந்துகொண்டாள். ஜெனிற்றாவுக்கு ஆர் சொல்லிக் கொடுக்கவேண்டும்? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை, இரண்டு மிதியில் என்னைத் தாண்டிவிட்டா.

கமெராவை என் சைக்கிள் கூடைக்குள் போட்டிருந்தேன். நிற்பாட்ட மறந்துவிட்டேன். அது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு மூலைக் கோபுரத்தடியில் நின்று தண்ணீர் குடித்தோம். ஒரு பக்கம் புது நகரம், கிரேன்களும் புகையும். மற்றப் பக்கம் பழைய ஓட்டுக் கூரைகள்.

"உங்கட அண்ணையும் சைக்கிள் ஓடுவாரோ?" என்றா.

"கனடாவில ஆர் சைக்கிள் ஓடுறது? எல்லாரும் கார்."

"ஊரில ஓடியிருப்பார்தானே."

"ஊரில அவர் ஓடினா பொலிஸ் பிடிக்கும், அவ்வளவு வேகம்."

அவ சிரிக்கவில்லை. போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னா: "றெஜி, நீங்கள் கேட்டதெல்லாம் நான் காட்டிப்போட்டன். கேக்காததையும் காட்டினன். இப்ப நான் ஒண்டு கேக்கிறன். உங்கட அண்ணையின்ர படம் எனக்கு எட்டு வந்தது. எட்டிலயும் இருக்கிறார். நிக்கிற படம் ஒண்டும் இல்லையோ?"

நான் குனிந்து சைக்கிள் செயினைப் பார்த்தேன்.

"ஏதும் எண்டாச் சொல்லுங்கோ. எனக்கு என்ன எண்டாலும் பரவாயில்லை எண்டு பெரிய மனிசி மாதிரிச் சொல்லமாட்டன். பரவாயில்லாமலும் போகலாம். ஆனா எனக்குத் தெரியவேணும்."

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றமாதிரிக் கேட்டா. நான் உள்ளே போயிருக்கலாம். அண்ணையின் காலைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வசனம். எனக்கு வந்தது பகிடிதான்.

"அண்ணை நிண்டா படத்துக்குள்ள கொள்ளமாட்டார் ஜெனிற்றா. உங்கட இந்த ஊர் மணிக்கோபுரம் மாதிரி. தலையை எடுத்தாக் கால் வராது, காலை எடுத்தாத் தலை வராது. அதுதான் இருத்தி வச்சு எடுக்கிறம்."

ஜெனிற்றா என்னைப் பார்த்தா. பிறகு சிரித்தா. வாய்விட்டு, தோள் இறங்க, இரண்டு மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்றை இறக்கி வைத்தவ மாதிரி. நான் சொன்னதை நம்பிவிட்டா.

மிச்ச மதிலை நான் பார்க்கவில்லை. முன் சில்லைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

7

மொன்றியலுக்குத் திரும்பிய முதல் ஞாயிறு. முந்தின நாள் முதல் பனி விழுந்து, படி இறுகிப் போயிருந்தது. கெட்டித்தனத்தை இன்னும் முழுதாக விடாத நான், காலையில் மூலை டெப்பனோர்க் கடையில் பால் வாங்கி, அந்தச் சீனக் கடைக்காரருக்கு அவர் மொழியிலேயே நன்றியாக "ஷியே ஷியே" என்றேன். அவர் கியூபெக் பிரெஞ்சில், மிச்சக் காசை மறந்துவிட்டுப் போகிறாய் என்றார்.

பூசை முடிந்து வந்து தொலைக்காட்சியில் கசெற்றைப் போட்டோம். அக்கா, அண்ணை, எமிலி, நான். கசெற்றில் என்ன இருக்கிறது என்று நான் போட்டுப் பார்க்கவில்லை. களைப்பு என்று சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

"நடை நல்ல நடை" என்றா அக்கா. "மூச்சு வாங்கேல்லை. நிறம் பரவாயில்லை, வெயிலுக்க நிண்ட நிறம். பல்லு வரிசை. உயரமும் காணும்."

எமிலி காத்திருந்தாள், காத்திருந்தாள், கடைசியில் பிரெஞ்சில் வெடித்தாள். ஒரே அந்த மதாம்தான், சிப்பாய்கள் எங்கே என்றாள். ஒரு சிப்பாய் வந்தது. பக்கத்தில் ஜெனிற்றா செருப்பின் அடியைக் காட்டிக்கொண்டு நின்றா. "என்ர ஒண்டுவிட்ட அக்காவை சிங்கப்பூரில வச்சு..." என்று தொலைக்காட்சி சொன்னது. அக்கா கண்ணாடியைக் கழற்றினா. அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இந்த முறை உண்மையாகவே தரையை.

"எடுக்கச் சொன்னது நீங்களோ அக்கா?" என்றார் அண்ணை.

"எல்லாரும் செய்யிறதுதான்."

பிறகு படம் கறுத்தது. கூடைக் கம்பி, ஆகாயம், சில்லுச் சத்தம். கசெற் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழும்பினேன். அப்போதுதான் அவவின் குரல் வந்தது. உங்கட அண்ணையும் சைக்கிள் ஓடுவாரோ?

நிற்பாட்ட ஓடினேன். "விடு" என்றார் அண்ணை.

முழுதும் கேட்டோம். எட்டிலயும் இருக்கிறார் என்றதைக் கேட்டோம். எனக்குத் தெரியவேணும் என்றதைக் கேட்டோம். மணிக்கோபுரத்தைக் கேட்டோம். அவ சிரித்ததைக் கேட்டோம். கம்பிகளுக்கு நடுவில் ஆகாயம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா பெருமூச்சு விட்டா. "அப்பாடா. நல்ல வேளை, கெட்டித்தனமாச் சமாளிச்சுப்போட்டாய்" என்று என் முதுகில் தட்டினா.

சின்ன வயதிலிருந்து அக்காவிடம் ஏச்சும் அடியும் நிறைய வாங்கியிருக்கிறேன். அந்தத் தட்டலைப் போல ஒன்றும் நொந்ததில்லை.

"திருப்பிப் போடு" என்றார் அண்ணை.

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என் பகிடி வந்த இடத்தில் முகம் மாறவில்லை. அவவின் சிரிப்பு வந்த இடத்தில்தான் மாறியது. எழும்பிப் போய்ப் பெரிய ஜக்கெற்றைப் போட்டார், சப்பாத்தைப் போட்டார்.

"எங்க தம்பி போறாய்?" என்றா அக்கா.

"கீழ. றெஜி, கமெராவை எடுத்துக்கொண்டு வா."

"என்னத்துக்கு?" என்றா அக்கா.

"அந்தப் பிள்ளை படி ஏறினதை எடுத்துக்கொண்டு வந்து பாத்தனீங்கள்தானே. நானும் ஏறுறன். றெஜி எடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பட்டும்."

"விசர்க் கதை கதையாத. ஆகி வாற சம்பந்தம். கலியாணம் முடியட்டும், பேந்து மெல்லமாச் சொல்லலாம்."

"பேந்து எண்டா எப்ப அக்கா? எயார்ப்போட்டில வந்து இறங்கி நிக்கேக்கயோ?"

அண்ணை குரலை உயர்த்தவில்லை. ஆனால் அக்கா கதிரையில் இருந்துவிட்டா.

கீழே தெருவில் ஒருவரும் இல்லை. அண்ணை முதலில் நடந்தார். எங்கள் வாசலிலிருந்து மூலைக் கடை வரை, திரும்பி வாசல் வரை. வலது கால் பனியில் பதிந்து போனது. இடது கால் பனியை இழுத்துக்கொண்டு போனது. பதிந்த அடையாளம் ஒரு பக்கம், கீறிய கோடு ஒரு பக்கம். வீட்டில் தினமும் பார்க்கிற நடைதான். கமெராக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தபோதுதான் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்தது.

பிறகு படி. கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, மற்றதைத் தூக்கிப் பக்கத்தில் சேர்த்து, நின்று. அடுத்தது. பாதியில் நின்று திரும்பிக் கமெராவைப் பார்த்தார்.

"கால் தெரியுதோ?"

"ஓம் அண்ணை."

"வடிவாத் தெரியுதோ? முகத்தை எடுத்துக்கொண்டு நிக்காத. காலை எடு."

காலை எடுத்தேன்.

8

கசெற்றை அனுப்பிய பிறகு வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அக்கா என்னோடும் கதைக்கவில்லை. எமிலிக்கு நூலகத்திலிருந்து சிப்பாய்ப் படம் போட்ட புத்தகம் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வகுப்பில் நல்லாகச் செய்தாளாம். மாமா சீனாவுக்குப் போனவர், ஆனால் அங்கே ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொன்னாளாம். பிள்ளை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

நேற்றுக் காலை தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"றெஜியோ? ஜெனிற்றா."

"ஓம்."

"கசெற் வந்தது. பாத்தன்."

நான் றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"படம் ஒரே ஆட்டமாக் கிடக்கு. கோபுரத்தில எடுக்கேக்க உங்கட கை இப்பிடி ஆடேல்லை. என்ன, அங்க அவ்வளவு குளிரோ?"

குளிர் என்று சொல்வதற்கு எல்லாம் வசதியாக இருந்தது. நாக்கின் நுனியில் ஒரு பகிடியும் வந்து நின்றது. பனிக்கரடியைப் பற்றி, நல்ல பகிடி.

"இல்லை ஜெனிற்றா" என்றேன். "வெக்கம்."

ஷியான் தெருவில் யாரோ ஹோர்ண் அடிப்பது மட்டும் கேட்டது.

"ம்" என்றா. "அண்ணை நிக்கிறாரோ? குடுங்கோ."

அண்ணை சோபாவில் இருந்தார். நான் றிசீவரை நீட்டினேன். வயர் அங்கே வரைக்கும் எட்டும், அவர் இருந்தபடியே வாங்கியிருக்கலாம். அவர் சோபாவின் கையைப் பிடித்து, மெல்ல எழும்பி, நின்று வாங்கினார்.